ஆடணும்... ஆனா அலையக் கூடாது!



ஃபிட்டிங் ஷாப்பில் நம் எல்லோர் காதிலும் விழுந்த முதல் மந்திரம், "ஸ்கொயரா இருக்கணும், ஆடக் கூடாது" என்பதுதான். நல்ல பாடம். ஆனால் அதுவே முழுப் பாடம் என்று நினைத்துக்கொண்டு டிப்ளமோவை முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. எங்கே ஆட வேண்டும், எங்கே ஆடவே கூடாது என்று தெரிந்து செய்வதுதான் மெக்கானிக்கல் வேலை. இதைச் சொல்லித்தர ஒரு சின்ன ரயில் இன்ஜினே போதும்.

"பொம்மை ரயிலா?" என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் நீராவி இன்ஜின் மாடல்களைக் 'கிட்'டாக வாங்கித் தாங்களே கட்டும் பெரியவர்கள் நிறைய உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இன்ஜின் இருக்காது. ரசாயனத்தால் அரித்து வடிவெடுத்த பித்தளை, நிக்கல் சில்வர் தகடுகள் இருக்கும். அவற்றைப் பிரித்து, மடித்து, அரம் போட்டு, சால்டர் வைத்துக் கட்ட வேண்டும். அங்கே பலரும் கையாளும் அளவு அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது அசலில் 76.2-இல் ஒரு பங்கு. அசல் தண்டவாள அகலம் 1435 மி.மீ. என்றால் மாடலில் 18.83 மி.மீ. வர வேண்டும். 'பி4' என்ற தரத்தில் கட்டுகிறவர்கள் அந்த இரண்டாவது தசமத்தைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது ஒரு கணக்கு. அசல் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் உயரம் சுமார் 28 மி.மீ. அதை 76.2-ஆல் வகுத்தால் 0.37 மி.மீ. இன்ஜினைத் தண்டவாளத்தின் மேல் பிடித்து வைத்திருப்பது இவ்வளவுதான்! பாதையில் அரை மி.மீ. பள்ளம் இருந்தால் என்ன ஆகும்? ஃபிரேம் ஒரே கட்டையாக இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஃபிளாஞ்ச் தண்டவாளத்துக்கு மேலே வந்துவிடும். வளைவில் இன்ஜின் கீழே இறங்கிவிடும். இன்னொன்று, மாடலுக்கு மின்சாரம் வருவதே தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான். சக்கரம் தூக்கினால் கரண்ட் விட்டு விட்டு வரும், இன்ஜின் திக்கித் திக்கிப் போகும்.

மேடு பள்ளமான தரையில் நாலு கால் பெஞ்சு ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளி இருந்தால் ஒரு தளம் கிடைத்துவிடும், நாலாவதுதான் தகராறு. ஆறு சக்கரம் என்றால் சொல்லவே வேண்டாம். இதற்கு ஒரு வழி, அச்சுகளைத் தராசு மாதிரி ஆடும் பீம்களால் இணைத்து, உடலை மூன்று புள்ளியில் நிறுத்துவது. இன்னொரு வழி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைப்பது.

பெரிய இன்ஜின்களும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தன. 1804-இல் வேல்ஸில் ட்ரெவிதிக் ஓட்டிய இன்ஜினுக்கு ஸ்பிரிங் கிடையாது. அதன் பாரம் தாங்காமல் பாதையின் வார்ப்பிரும்புத் தகடுகள் உடைந்தன. 1816-இல் ஸ்டீஃபன்சனும் லாஷும் நீராவியையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1829 ரெயின்ஹில் போட்டியில் இன்ஜின் ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார வேண்டும் என்று விதியே போட்டார்கள்.

சரி, மாடலில் எப்படி வைக்கிறார்கள்? ஃபிரேமில் அச்சு வரும் இடத்தில் ஒரு வாசல் வெட்டி, அதன் இரு பக்கமும் வழிகாட்டித் தகடுகளை நிறுத்துகிறார்கள். நடுவில் அச்சைத் தாங்கும் சின்னப் பித்தளைக் கட்டை மேலும் கீழும் வழுக்கும். கவனியுங்கள்: மேல் கீழாகத் தாராளமாகப் போக வேண்டும், முன் பின்னாக ஒரு மயிரிழைகூட அலையக் கூடாது. அலைந்தால் கப்ளிங் ராடு பிடித்துக்கொள்ளும். அதனால் ராடின் துளைகளுக்கு இடையே என்ன தூரமோ, அதே தூரம் அச்சுகளுக்கும் வர வேண்டும். ராடையே ஜிக்காக வைத்து வழிகாட்டிகளைப் பற்றவைப்பது இதற்காகத்தான். மூன்று அச்சு இன்ஜினுக்கு ராடும் ஒரே துண்டாக இருக்க முடியாது. நடுவில் மூட்டு வேண்டும். இல்லாவிட்டால் அச்சுகள் தனித்தனியாக ஏறி இறங்க முடியாது.

ஸ்பிரிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கிடார் கம்பியே போதும். ஒவ்வொரு பக்கமும் ஒரே கம்பி, ஃபிரேமின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை. இரண்டு முனையிலும் அச்சுகளுக்கு இடையிலும் ஃபிரேம் அதைத் தாங்கும். தாங்கல்களுக்கு நடுவே கம்பி ஒவ்வொரு கட்டையையும் கீழே அழுத்தும். 300 கிராம் இன்ஜின், ஆறு சக்கரம் என்றால் சக்கரத்துக்கு 50 கிராம். அந்த எடைக்குக் கம்பி 0.5 மி.மீ. வளைய வேண்டும் என்று வைத்தால், ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீட்டருக்கு 100 கிராம். அப்போது 0.25 மி.மீ. பள்ளம் வந்தாலும் சக்கரம் இறங்கிப் பாதிப் பாரத்தோடு தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே போகும். 0.25 மி.மீ. கம்பிக்குப் பதில் 0.30 மி.மீ. கம்பி போட்டால்? வளைவு விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுவதால் இரண்டு மடங்கு விறைத்துவிடும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் மனப்பாடம் செய்கிற சூத்திரம் இங்கே விரலில் தெரியும்!

ஸ்பிரிங் வைத்தால் இழுவை கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். எல்லாச் சக்கரமும் ராடால் இணைந்திருந்தால் மொத்த எடை அதேதான், உராய்வும் அதேதான். இன்ஜினின் எடை மையமும் சக்கரங்களின் நடுவில் விழ வேண்டும், இல்லையென்றால் மூக்கு தரையைப் பார்க்கும். கியர் பாக்ஸை ஃபிரேமோடு இறுக்கிவிட்டால் அந்த அச்சின் ஸ்பிரிங் வீண். அது அச்சோடு சேர்ந்து மிதக்க வேண்டும், சுழன்றுவிடாமல் மட்டும் ஒரு பிடி இருந்தால் போதும்.

"நீராவிக் காலமே போச்சே, இப்ப எதுக்கு?" என்று கேட்பீர்கள். முழுசாப் போகவில்லை. நீலகிரி மலைப்பாதைக்காக 2010-களில்கூடத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புது நீராவி இன்ஜின்கள் செய்தார்கள். ஆனால் என் பதில் அது இல்லை. என் பதில் நம் ஃபைனல் இயர் புராஜெக்ட்.

உள்ளதைச் சொல்கிறேன். நம்மில் பலர் தயார் புராஜெக்ட்டை விலைக்கு வாங்கி, பெயின்ட் அடித்து, பெயர் ஒட்டி வைக்கிறோம். ஸ்விட்ச் போட்டால் சுற்றும். "ஏன் சுற்றுது?" என்று கேட்டால் வாய் சுற்றும்! வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய நஷ்டம். இன்டர்வியூவில் சிபாரிசு சொல்ல நமக்கு யாரும் இல்லை. நம்ம கைதான் பேசணும். கடன் வாங்கிக் கட்டிய புராஜெக்ட் காசு அந்தக் கைக்கு எதையும் கற்றுத்தருவதில்லை.

ஸ்பிரிங் சேசிஸை அப்படி ஏமாற்ற முடியாது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். கட்டியவன் ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஏறி இறங்கிப் போகும், இல்லையென்றால் கீழே விழும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கூட வேண்டாம், அட்டையே மார்க் போட்டுவிடும்!

இங்கிலாந்துக் கிட் விலைக்கு நாம் போக வேண்டாம். அளவைப் பெரிதாக்கிக்கொள்வோம். பித்தளைத் தகடு, சதுரக் கம்பி, கிடார் கம்பி, நம்ம லேத்தில் கடைந்த ஆறு சக்கரம். நாலு பேர் சேர்ந்தால் முடியும். மாணவர் சங்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: துறைத் தலைவரிடம் பேசி, ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலையில் நாலு மீட்டர் சோதனைப் பாதை போட அனுமதி வாங்கித் தரட்டும். மேடு, பள்ளம், வளைவு எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு ஃபைனல் இயர் வரும் எங்கள் செட்டிலிருந்து முதல் சேசிஸ் அதில் ஓடட்டும்.

வாங்குவதை நிறுத்துவோம், கட்டத் தொடங்குவோம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை