மூன்றால் வகுத்தாலும் பூஜ்யம்

கோட்டக்குப்பம் ஷேர் ஆட்டோவில் ஆரம்பித்து பாண்டிச்சேரி கல்யாண ரிசப்ஷன் வரைக்கும் அந்தப் பாட்டு ஒலிக்காத இடம் உண்டா மக்களே? 'என்ஜாய் எஞ்சாமி'யைத்தான் சொல்வது. 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனம் யூடியூபில் வெளியிட்டது. படம் கிடையாது, ஹீரோ கிடையாது. ஆனாலும் 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. எல்லோரும் ஆடித் தீர்த்தாச்சு. சரி, கணக்கு எங்கே?

கொஞ்சம் பின்னால் போவோம். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து 2017-ல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை உருவாக்கினார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்று பாடித்தான் அறிவு என்ற பெயர் வெளியே தெரிந்தது. பிறகு குழுவுக்கு வெளியேயும் பாட ஆரம்பித்தார். 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பம். அதற்கப்புறம் தீயோடு சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இந்தப் பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த தலைமுறையின் கதை அது. அறிவின் பாட்டியே அந்தத் தலைமுறைதான். நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலத்தில் பங்கில்லை என்பதுதான் பாட்டின் மொத்த சாரம்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள்.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். எழுதியவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மறுபடியும் அறிவு இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும். ஆனால் அடுத்த சில நாட்களில் அவரே இன்ஸ்டாகிராமில், மெட்டும் வரியும் தன்னுடையவை என்று எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள். இது மூவரின் கூட்டு உழைப்பு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ்.

உடனே இணையத்தில் இரண்டு கட்சி. "அறிவு ஒருத்தர்தான் பாட்டா? தீயின் குரல் இல்லாமல் ஓடியிருக்குமா?" என்று ஒரு பக்கம். "எழுதியவனை மறைக்கிறீர்களா?" என்று இன்னொரு பக்கம். முதல் கேள்வியிலும் நியாயம் உண்டு, மறுக்க வேண்டாம். குரலும் இசைக்கோர்ப்பும் சும்மா வந்துவிடாது. ஆனால் மாசக்கணக்கில் சண்டை போட்ட இரண்டு கட்சியும், சமமாகப் பங்கு போடப் பானையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே இல்லை!

எட்டிப் பார்த்துச் சொன்னவர் சந்தோஷ் நாராயணனே. 2024 மார்ச், பாட்டு வெளியாகி மூன்று வருஷம். இதுவரை இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று வீடியோ போட்டார். நிறுவனத் தரப்பு இதை மறுத்தது. எது சரி என்று ரசிகன் எப்படிச் சொல்ல முடியும்? கணக்குப் புத்தகம்தான் வெளியே வரவே இல்லையே. ஆனால் ஒன்று நிச்சயம். பூஜ்யத்தை மூன்றால் வகுத்தாலும் பூஜ்யம்தான். பி.காம் முதல் வருஷம் கூடத் தேவையில்லை, ஐந்தாம் வகுப்பு போதும் :)

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை முழுசாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. கையெழுத்துப் போட்டாலும் அந்த உரிமை போகாது. நல்ல சட்டம். ஆனால் எவ்வளவு வந்தது என்றே தெரியாதவன் எதில் பங்கு கேட்பான்? லாபத்தில் பாதி உனக்கு என்று சொல்லிவிட்டு, லாப நட்டக் கணக்கைக் காட்டாமல் இருந்தால் அதைக் கூட்டு வியாபாரம் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது.

சினிமாவை விட்டு வெளியே வா, சுயாதீன இசைதான் விடுதலை என்று பையன்களுக்குச் சொல்லப்படுகிறது. வந்தவர்களில் மிகப் பெரிய வெற்றி இது. அதற்கே இந்தக் கதி என்றால், கானா பாடும் ஒரு பையன் எதை நம்பி வேலையை விட்டுவிட்டு வருவான்? வாய்ப்புக் கொடுத்தோம் என்பது கூலி ஆகாது. தோட்டத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ரசிகப் பெருமக்களே, அட்டையில் யார் படம், மேடையில் யார் என்று கேட்டது சரிதான். அதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த பாட்டு ஹிட் ஆகும்போது, எத்தனை கோடி பார்வை என்று ஸ்டேட்டஸ் போடும் அதே விரலால் எத்தனை ரூபாய் யாருக்குப் போனது என்றும் கேளுங்கள். உழைத்தவனுக்குப் பங்கில்லை என்ற பாட்டுக்கு ஆடிவிட்டு, பாடியவனின் பங்கைக் கேட்காமல் போனால் அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம்?