பொய்த் தூது

“ஐந்து நிமிட வேலை சார். பானெட்டைத் தூக்கி, ஒரு கனெக்டரைக் கழற்றி, நடுவில் பெட்டியைச் செருக வேண்டியதுதான். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.”

டர்போ பொருத்திய கார் வைத்திருக்கும் இளைய நண்பர்கள் பலரின் வாயிலிருந்து இந்த வாசகங்களைச் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ‘டியூனிங் பாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். செருகினால் எஞ்சினின் திறன் இருபது, முப்பது விழுக்காடு கூடும் என்பது விற்பவர்கள் தரும் வாக்குறுதி. நாள்தோறும் வேலைக்கும் கடைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் ஓடுகிற காரில் இதைச் செருகுவது தவறு என்பது என் துணிபு. எஞ்சினுக்கு நேரக்கூடிய கேடு இந்தத் துணிபுக்குப் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், மேலே உள்ள மேற்கோளின் கடைசி வாக்கியம்.

தமிழ் படித்தவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். இந்த வழக்கு இயந்திரத்தைப் பற்றியது போலவே சொல்லைப் பற்றியதும் ஆகும். ஆகவே எனக்கும் இதில் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி செய்யும் வேலையைப் பார்ப்போம். இன்றைய டீசல் எஞ்சின் ‘காமன் ரெயில்’ முறையில் இயங்குவது. ஓர் உயரழுத்தப் பம்பு டீசலை ஒரு தடித்த குழாயில் நிரப்பி வைக்கிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகின்றன. குழாயிலுள்ள அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டிப் போகும். அது எவ்வளவு என்பதை ஒரு சென்சார் மின்னழுத்தமாக மாற்றி ஈ.சி.யூ. என்னும் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணினிக்குக் கண் இல்லை. சென்சார் சொன்னதுதான் அதற்கு உலகம். பெட்டி செருகப்படுவது இந்த இருவருக்கும் நடுவில். சென்சார், எடுத்துக்காட்டாக, 1,200 என்று சொன்னால் பெட்டி அதை 1,050 என்று மாற்றிச் சொல்கிறது. அழுத்தம் குறைந்துவிட்டதாக நம்பிய கணினி அதை ஏற்றிவிடுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாமலே கூடுதல் டீசல் உள்ளே போகிறது. பெட்ரோல் டர்போ கார்களில் பொதுவாக இதே வேலை காற்றழுத்த சென்சாரிடம் நடக்கிறது. பூஸ்ட் குறைவு என்று பெட்டி சொல்ல, கணினி டர்போவை இன்னும் விரட்டுகிறது.

இவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். எஞ்சினுக்குப் புதிதாக ஒரு திறமையையும் பெட்டி கற்றுத்தரவில்லை; தூதுவனை வழிமறித்து ஓலையைத் திருத்தி அனுப்புகிறது. தூது என்பதற்கு ஒரு தனி அதிகாரமே வகுத்து வைத்திருக்கிற மொழியில், திருத்தப்பட்ட ஓலையை நம்பிப் படை நடத்தும் அரசனுக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நண்பர்களின் முதல் வாதம் இது: “கம்பெனிக்காரன் எஞ்சினுக்குள் திறனை ஒளித்து வைத்திருக்கிறான். நாங்கள் அதை வெளியே எடுக்கிறோம்.” இதற்கு அவர்கள் காட்டும் சான்று ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். 2007 இல் மாருதி ஸ்விஃப்டில் வந்து இந்தியச் சாலைகளை நிறைத்தது அது. அதே 1,248 சி.சி. எஞ்சின் ஒரு காரில் 75 குதிரைத் திறனும் இன்னொன்றில் 90 குதிரைத் திறனும் தந்தது உண்மையே. எனவே முன்னதில் 15 குதிரைகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள் என்பது வாதம். ஆனால் 90 குதிரைத் திறன் வடிவத்தில் இருந்தது வேறு டர்போ. சுழலியின் மீது பாயும் புகையின் போக்கை எஞ்சினின் வேகத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் மாறுவடிவ டர்போ அது. கூடுதல் திறனை அதற்குரிய உறுப்பைக் கொடுத்து வாங்கினார்கள். பெட்டி எந்த உறுப்பையும் கொடுப்பதில்லை. இருக்கிற உறுப்பிடமே கூடுதல் வேலை வாங்குகிறது.

தொழிற்சாலை கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஏன் விடுகிறது என்பதுதான் கேள்வி. மே மாத வெயிலில் நாலு பேரும் பெட்டி படுக்கையுமாகக் கொடைக்கானல் ஏறும் கார், மாற்ற மறந்துபோன ஏர் ஃபில்டர், வழியில் ஏதோ ஒரு பங்க்கில் போட்ட சந்தேகமான டீசல், பத்தாண்டு வயது: இவை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தாங்க வேண்டும் என்று விட்ட இடம் அது. சிறிய டர்போவின் சுழலி நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதன் மீது பாயும் புகையின் வெப்பம் டீசலில் 800 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். பெட்ரோலில் அதற்கும் மேலே போகும். இங்கே மிச்சமிருப்பதைச் சும்மா கிடக்கும் திறன் என்று எண்ணுவது, குதிரில் இருக்கும் விதைநெல்லைப் பார்த்து “இவ்வளவு நெல்லை வைத்துக்கொண்டு ஏன் அரைவயிறு?” என்று கேட்பதைப் போன்றது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கலாம். அன்றைக்குச் சோறு ருசியாகவே இருக்கும்.

வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிய குறளை நாம் அனைவரும் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள். அதில் அச்சு முறிவதற்கு இறகின் கனம் காரணமில்லை, ஏற்றியவனின் கணக்குத்தான் காரணம் என்று வகுப்பில் விளக்குகிறோம். பிறகு மணியடித்ததும் வெளியே வந்து பெட்டியைச் செருகுகிறோம்.

இரண்டாவது வாதம் மைலேஜ். “பெட்டி போட்ட பிறகு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கிறது, டேஷ்போர்டிலேயே காட்டுகிறது பாருங்கள்” என்று ஒரு நண்பர் எனக்குக் காட்டினார். நானும் பார்த்தேன். ஆனால் டேஷ்போர்டுக்கு அந்தக் கணக்கைச் சொல்வது யார்? அதே ஈ.சி.யூ.தான். தான் எவ்வளவு டீசல் பீய்ச்சியதாக நம்புகிறதோ அதை வைத்துத்தான் அது மைலேஜ் சொல்கிறது. அழுத்தத்தைப் பற்றி அதற்குப் பொய் சொல்லியாகிவிட்டது. கூடுதலாகப் போன டீசல் அதன் கணக்கில் ஏறுவதே இல்லை. ஏமாற்றப்பட்டவனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஏமாற்று நடக்கவில்லை என்று வாக்குமூலம் வாங்குகிறோம். டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பி, பங்க் ரசீதை வைத்து வகுத்துப் பாருங்கள் என்றேன். நண்பர் இன்னும் வகுத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது, புகை. நம் நாட்டில் டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பாரத் ஸ்டேஜ் 4 இல் கிலோமீட்டருக்கு 0.25 கிராம், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 இல் அது 0.08 கிராம். மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே கொண்டுவந்த இந்தக் குறைப்புக்காகச் செய்யப்பட்ட நுண்ணிய கணக்குகள் எல்லாம் அந்த ஈ.சி.யூ.வில்தான் இருக்கின்றன. பெட்டி அவற்றைக் கலைக்கிறது. கூடுதல் டீசலுக்கு ஈடான காற்று கிடைக்காத நொடிகளில் கரி பிறக்கிறது; புதிய கார்களில் அது வடிகட்டியை அடைக்கிறது, பழைய கார்களில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் முகத்தில் படிகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 இல் வகைப்படுத்திவிட்டது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்திருந்தது அம்பலமானபோது, பன்னாட்டு முதலாளித்துவத்தின் அறமின்மை பற்றி நாம் எவ்வளவு பேசினோம்! புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற நண்பர் செய்வதும் அதேதான். அவர்கள் கோடிக்கணக்கில் செய்தார்கள், இவர் ஒற்றைக் காரில் செய்கிறார். அளவு வேறு, இனம் ஒன்று.

“என் கார், என் காசு, என் உரிமை. கெட்டால் எனக்குத்தானே கெடும்?” இது நான்காவது வாதம். ஒலிக்கும்போது கம்பீரமாக இருக்கும். இதற்கு மட்டும் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல நேர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், குறை தெரியவில்லை. நான்காவது மாதம் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. அதை மாற்றி ஓராண்டு முடியும் முன் டர்போ போயிற்று. மெக்கானிக் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த இருபக்கப் பசை நாடாவின் கறையையும், வெட்டிய பிளாஸ்டிக் கட்டுகள் இரண்டையும் காட்டி, “இங்க ஒரு பாக்ஸ் இருந்திருக்கு சார்” என்றார். விற்றவருக்குத் தொலைபேசினேன். அவர் மறைக்கவில்லை. “ஆமா சார், ரெண்டு வருஷம் போட்டிருந்தேன். விக்கும்போது எடுத்துட்டேன். உங்களுக்குக் கொடுத்தது ஸ்டாக் வண்டிதான்” என்றார். குரலில் குற்றவுணர்வு சிறிதும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் நேர்மையானவர். பெட்டியை எடுத்ததும் வண்டி பழையபடி ஆகிவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகள் கிளட்ச்சின் மீதும் சுழலியின் மீதும் எழுதிப் போனதை எந்தக் கனெக்டரைக் கழற்றி எடுப்பது?

டர்போ போனதற்கு அந்தப் பெட்டிதான் காரணமா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். “அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது சார், பழைய வண்டி” என்றார். அவர் சொன்னது நியாயம். நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. ‘கழற்றிவிடலாம், தடயம் இராது’ என்பதைப் பெட்டியின் பெருமையாக விற்கிறார்கள். தடயம் இல்லாததன் பயன் முழுவதும் முதல் உரிமையாளருக்கு. அதன் விலை முழுவதும் அடுத்தவருக்கு. கெட்டால் தனக்குத்தான் கெடும் என்கிறவர், கெடுவதற்குள் விற்றுவிடுகிறார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்டி முடுக்கத்தைக் கூட்டுகிறது. பிரேக்கையும் டயரையும் தொடுவதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100 இல் காரின் இயக்க ஆற்றல் 56 விழுக்காடு அதிகம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022 இல் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவற்றில் 71 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாவுகள் மிகைவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. அந்த ஆண்டு 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு. வேகம் ஒரு கலை என்போரை நான் பழிக்கவில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அந்தக் கலைக்கென்றே தளம் இருக்கிறது. அங்கே எதிரே மாட்டு வண்டி வராது.

இறுதியாகச் சட்டம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். சட்டத்தைக் காட்டி யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கமன்று. நம் ஊரில் எத்தனை பேர் பிடிபடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே என் தரப்பிலிருந்து ஒரு சோதனையை மட்டும் முன்வைக்கிறேன். பெட்டி தீங்கற்றது என்று உண்மையிலேயே நம்புகிற நண்பர்கள் அதைச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். காப்பீட்டு நிறுவனத்திற்கு ஒரு கடிதம். வாரண்டி இருக்கும்போது பணிமனைக்கு ஒரு சொல். புகைச் சோதனைக்குப் பெட்டியோடு ஒரு பயணம். விற்கும்போது வாங்குகிறவரிடம் “இத்தனை ஆண்டுகள் போட்டிருந்தேன்” என்று ஒரு வாக்கியம். இந்த நான்கையும் செய்தபின் பெட்டியைச் செருகுகிறவரோடு எனக்குப் பூசல் இல்லை. அவர் துணிந்தவர், தன் துணிவின் விலையைத் தானே தருகிறவர்.

அப்படி ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. சந்தித்தவர்கள் அனைவரும் சொன்னது ஒன்றே: “யாருக்கும் தெரியாது சார்.”