சாம்பலில் தெளியும் உருவம்

சிறுபத்திரிகை வாசகர்களான நமக்குச் சித்திரம் என்றதும் நினைவுக்கு வருவது கோடு. கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. இதற்கு அழகியல் காரணம் மட்டுமல்ல, அச்சுக் காரணமும் உண்டு. லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. இடைப்பட்ட சாம்பலுக்கு இடமில்லை. அந்தப் பழக்கத்தில், நிழல் என்பது கோட்டுக்குப் பின்னால் வரும் அலங்காரம் என்றே எண்ணிவிட்டோம் எனத் தோன்றுகிறது.

என் எண்ணத்தைக் குலைத்தவர் ஓவிய நண்பர் ஒருவர். ஞாயிறு காலைகளில் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடுவோம். ஒருவர் பத்து நிமிடம் அமர்ந்திருப்பார், மற்றவர்கள் வரைவோம். நண்பரிடம் சாம்பல்நிற மார்க்கர் பேனாக்கள் மூன்று, அவ்வளவே. அவர் கோட்டில் தொடங்குவதில்லை. கண்களைப் பாதி மூடி எதிரிலிருப்பவரைப் பார்ப்பார். அப்போது பொத்தானும் சட்டை மடிப்பும் மறைந்து, வெளிச்சம் ஒரு திட்டாகவும் நிழல் ஒரு திட்டாகவும் பிரியும். அந்த நிழலை, கன்னம், கழுத்து, தோள் என்று பிரிக்காமல், மிக வெளிறிய சாம்பலில் ஒரே மூச்சில் இடுவார். வெளிச்சத்தை வரைவதே இல்லை, வெற்றுத்தாள்தான் வெளிச்சம். மை உலர்ந்தபின் அதே பேனாவால் மீண்டும் தடவினால் அடர்த்தி ஒரு படி கூடும். பிறகு தாடைக்குக் கீழும் முழங்கை மடிப்பிலும் நடுச்சாம்பல். மிக அடர்ந்தது நாலைந்து இடங்களில் மட்டும். உருவம் கேட்டால், கடைசியில் சில மெல்லிய கோடுகள்.

ஒரே மூச்சில் இடுவதற்குக் காரணம் உண்டு. இது ஆல்கஹாலில் கரைந்த சாயம், விரைந்து உலரும். நடுவில் நின்றால் விளிம்பு காய்ந்து பட்டையாகத் தெரியும். பேனாவை ஊன்றி யோசித்தால் மை பரவும். தயங்கினால் தயக்கமே தாளில் பதிந்துவிடும்.

இலக்கிய உரையாடல்களில் 'சாம்பல்நிறக் கதாபாத்திரம்' என்று எளிதாகச் சொல்கிறோம். எதையும் தீர்மானிக்காமல் விட்டதற்கு அது நல்ல பெயராகிவிட்டது. இந்தப் பேனாக்களோ எத்தனையாவது சாம்பல் என்று கேட்கின்றன. 1987இல் ஜப்பானில் வந்த காப்பிக் பேனாக்களில் சாம்பலுக்கென்றே நான்கு வரிசைகள். எண் கூடக் கூட அடர்த்தி. இட்டதை அழிக்க முடியாது, கூட்டத்தான் முடியும். ஆகவே எதை இடாமல் விடுவது என்பதே முதல் முடிவு.

சாம்பல் வெறும் பயிற்சிப்படி, வண்ணமே கலை என்போர் உண்டு. 1432இல் முடிந்த கெண்ட் பலிபீட ஓவியத்தின் புறக்கதவுகளில் வான் ஐக் இரு புனிதர்களைச் சாம்பலில், கற்சிலைகளைப் போல் தீட்டியிருக்கிறார். பிக்காஸோவின் குவர்னிகா (1937) கறுப்பு, வெள்ளை, சாம்பலால் ஆனது. அவர்கள் வண்ணத்துக்கு வழியற்றவர்கள் அல்லர்.

மை நிலைக்காது என்ற குறை மட்டும் உண்மை. ஒளி பட்டால் இச்சாயம் மங்கும்.

ஒரு ஞாயிறன்று என் அப்பா அமர்ந்தார். அவர் முகச் சுருக்கங்களை நான் ஒவ்வொன்றாகக் கோட்டில் எண்ணி வரைந்தேன். தாளில் வந்தது முதுமை, அப்பா வரவில்லை. நண்பரின் தாளில் முகத்தின் பாதி ஒரே சாம்பல், கண்கூட இல்லை. ஆனால் இடத்தோள் சற்றுச் சரிந்திருந்த விதத்தில் அப்பா இருந்தார். நாற்பது ஆண்டுகள் அந்தத் தோளைப் பார்த்தும் நான் கவனித்ததில்லை.

நண்பர் அந்தத் தாளை எனக்கே கொடுத்துவிட்டார். அதைச் சட்டமிட்டு மாட்டவில்லை. வெளிச்சம் படாமல் ஒரு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அப்பா இல்லாத இந்த நாட்களில் எப்போதாவது திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.