வீட்டு ஒலிப்பதிவும் விலை குறைந்த மைக்கும்

மகள் பாடும் பாட்டையும் மகன் மீட்டும் வீணையையும் வீட்டிலேயே தெளிவாகப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் ஆவல் இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ளது. கடைக்குச் சென்றால், “கண்டென்சர் மைக் வாங்குங்கள், ஒலிப்பதிவு நிலையங்களில் இருப்பதும் இதுவே” என்பர். விலையும் முன்போல் எட்டாத உயரத்தில் இல்லை. ஆயினும் அது நம் வீட்டிற்கு ஏற்றதுதானா என்று ஆராய்ந்த பின்னரே பணத்தை எடுத்துக் கொடுத்தல் நலம்.

முதலில் இக்கருவி இயங்கும் முறையை அறிவோம். 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த இ. சி. வென்டே என்பவர் இதனை உருவாக்கினார். உலோகப் பூச்சுடைய மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னே ஓர் உலோகத் தகடும் மிக நெருங்கி நிற்கும். ஒலி மோதும்போது சவ்வு அசைகின்றது. இடைவெளி கூடிக் குறைகின்றது. அந்த மாற்றமே மின் அலையாக வெளிவருகின்றது. சவ்வு மிக இலேசானதாதலின், பாடுவோர் மூச்சிழுக்கும் ஓசையும் அதற்குத் தப்பாது. மேடைகளில் நாம் பெரும்பாலும் காணும் டைனமிக் மைக்கிலோ, சவ்வு தன்னோடு ஒரு கம்பிச்சுருளையும் சுமந்து அசைய வேண்டும். ஆகவே அதன் செவி சற்று மந்தமானது.

விலை குறைந்தால் தரமும் குறையுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். எடுத்துக்காட்டாக, வீட்டுப் பதிவுக்கெனப் பலர் வாங்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்னும் மைக்கைப் பார்ப்போம். எந்த மைக்கிலும் அதற்கே உரிய மெல்லிய இரைச்சல் ஒன்று உண்டு. இதில் அதன் அளவு 20 டெசிபல். புகழ்பெற்ற நியூமன் யூ 87 ஏஐ மைக்கில் அது 12. ரோட் என்டி1-ஏ மைக்கில் 5. ஆனால், ஊர் உறங்கும் இரவிலும் ஒரு படுக்கையறையில் ஏறத்தாழ 30 டெசிபல் ஓசை இருக்கும். மின்விசிறி சுழன்றால் இன்னும் மிகும். அறையின் ஓசையே மைக்கின் இரைச்சலை மூடிவிடுகின்றது. எனவே விலை குறைவு என்பது மட்டுமே ஒரு குறையன்று.

குறை பெரும்பாலும் அறையில்தான் உள்ளது. கூர்மையான செவியுடைய இக்கருவி, அடுக்களைக் குக்கரின் விசிலையும், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியையும், தெருவில் காய் விற்பவரின் குரலையும் வேற்றுமையின்றி ஏற்கும். சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் கான்கிரீட் கூரையும் பாட்டைத் திருப்பி எறிவதால், பதிவு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒலிக்கும். அங்கு இதைவிடப் பன்மடங்கு விலையுள்ள மைக்கை வைத்தாலும், அதே எதிரொலியைத்தான் அது இன்னும் தெளிவாகப் பதிவுசெய்யும்.

ஆகவே மைக் வாங்குமுன் அறையைச் சோதியுங்கள். சன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியில் அரை நிமிடம் வெறும் அமைதியைப் பதிவுசெய்யுங்கள். பின்னர் ஒருமுறை கைதட்டி, சில வரிகள் பாடுங்கள். அதனைக் காதில் பொருத்தும் ஹெட்போனில் கேளுங்கள். கைதட்டல் ஓய்ந்த பின்னும் ஒலி நீண்டால், பாடுபவரின் பின்னும் பக்கங்களிலும் பஞ்சு மெத்தையையோ தடித்த போர்வைகளையோ நிறுத்துங்கள். மெல்லிய திரைச்சீலையால் பெரும் பயனில்லை. மைக்கிற்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம் போதும். தூரம் பாதியானால், மைக்கை நேரே வந்தடையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் ஓங்கும். அறையின் ஓசையோ அவ்வாறு ஓங்காது.

இவ்வளவு செய்தும் தெரு ஓசை அடங்காத வீடுகளுக்கு, வாயை ஒட்டி வைத்துப் பாடக்கூடிய டைனமிக் மைக்கே பொருத்தம். அதனைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 1982-இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ இசைத்தட்டில் அவர் குரலைப் பதிவுசெய்யப் பயன்பட்ட ஷூர் எஸ்எம்7, டைனமிக் வகையைச் சேர்ந்ததே.

செலவையும் முழுமையாகக் கணக்கிடுங்கள். கண்டென்சர் மைக்குகளுள் பெரும்பாலானவற்றிற்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. அதனை அளிக்கும் இன்டர்பேஸ் என்னும் பெட்டி, கம்பி, தாங்கி ஆகியவற்றைத் தனியே வாங்க நேரிடும். ‘48 வோல்ட் வேண்டும்’ என்று அச்சிட்ட மைக்கைக் கணிப்பொறியின் சிறு மைக் துளையில் செருகினால் அது செம்மையாக இயங்காது. ஒருவர் மட்டும் பாடவோ பேசவோ பதிவுசெய்வதாயின், நேரே இணைக்கும் யூஎஸ்பி வகை சிக்கனமானது. பாட்டும் வீணையும் தனித்தனி மைக்கில் வேண்டுமாயின் இன்டர்பேஸ் பெட்டியே ஏற்றது.

சுருங்கக் கூறின், அமைதியான அறை வாய்த்தவர்கள் விலை குறைந்த கண்டென்சர் மைக்கைத் தயங்காது வாங்கலாம். மற்றவர்கள் முதலில் அறையைச் சீர்செய்யட்டும். ஆனால் வீட்டில் முதியோர் இருப்பின், எந்தக் கருவிக்காகவும் காத்திருக்க வேண்டாம். பாட்டியின் தாலாட்டையும் தாத்தா சொல்லும் ஊர்க்கதையையும் இன்றிரவே, விசிறியை நிறுத்திவிட்டு, கையிலுள்ள கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். மைக்கை அடுத்த ஆண்டும் வாங்கலாம். அந்தக் குரல்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.