குரூப் ரைடு போகப் போறீங்களா? 'எத்தனை கிலோமீட்டர்'னு கேட்காதீங்க, 'எவ்வளவு வேகம்'னு கேளுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. இளையரசனேந்தலில் இருந்து ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை கம்பெனி வேலை, ஆனால் லேப்டாப் வீட்டில். உட்கார்ந்தே இருக்கிற உடம்புக்கு ஏதாவது செய்யணும் என்று கியர் சைக்கிள் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து டவுன் சைக்கிள் குரூப்பின் வாட்ஸ்அப்பில் முந்தின நாள் ஒரு மெசேஜ்: "நாளைக்கு 40 கி.மீ. ஈஸி ரைடு. யார் வேணும்னாலும் வரலாம்."

முதல் பத்து நிமிஷம் எல்லாரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். அதற்குப் பிறகு முன்னால் போகிறவர்களின் டி-ஷர்ட் கலர் மட்டும் தெரிகிறது. அப்புறம் அதுவும் தெரிவதில்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் தார் ரோடு, தனியாக ஒருவர். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். "எனக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று முடிவு செய்துவிடுவார்.

ஆனால், செட் ஆகாமல் போனது சைக்கிளிங் இல்லை. அந்த மெசேஜில் இருந்த 'ஈஸி' என்ற வார்த்தைதான்.

'ஈஸி' என்பது வேகம் இல்லை

மணிக்கு 28 கிலோமீட்டரில் போகிறவருக்கு 23 ஈஸி. 18-ல் போகிறவருக்கு அதே 23 மூச்சு முட்டும். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த கியர் இல்லாத சைக்கிளை ஓட்டுகிறவருக்கு 15 தாண்டினாலே வேலை அதிகம். 'ஈஸி', 'பிகினர்ஸ் வெல்கம்', 'ஜாலி ரைடு' எல்லாம் சொல்கிறவரின் மனநிலையைத்தான் காட்டுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 24-ல் போகிறார், இன்னொருவர் 14-ல் வருகிறார். 30 கிலோமீட்டர் ரைடை முதல் ஆள் 1 மணி 15 நிமிடத்தில் முடித்துவிடுவார். இரண்டாவது ஆளுக்கு 2 மணி 9 நிமிடம் ஆகும். 54 நிமிட வித்தியாசம். அவ்வளவு நேரம் டீக்கடையில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

ஆனால் 22-ல் போகிறவரும் 18-ல் போகிறவரும் சேர்ந்தால்? ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றால், காத்திருப்பு மூன்று நிமிடம்தான். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பின்னால் வருகிறவர் வந்துவிடுவார். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வித்தியாசம் வரை ஒரு குரூப் தாங்கும். பத்து கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தால் அது இரண்டு குரூப். இரண்டையும் ஒரே மெசேஜில் கூப்பிடுவதுதான் தப்பு.

முதலில் உங்க வேகம் தெரியணும்

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். போனில் ஸ்ட்ராவா மாதிரி ஏதாவது ஒரு ஆப், இல்லையென்றால் கடிகாரமும் கிலோமீட்டர் கல்லும் போதும். தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இழுத்து மூச்சு விட்டால், அது உங்கள் வேகம் இல்லை. மூன்று நாள் இப்படி ஓட்டி வருகிற சராசரிதான் உங்கள் வேகம்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. பல ஆப்கள் முதலில் காட்டுவது சக்கரம் சுற்றிய நேரத்தின் சராசரியை. டீக்கு நின்றது, பஞ்சர் பார்த்தது, செல்ஃபி எடுத்தது எல்லாம் அதில் வராது. அதனால் குரூப்காரர் "சராசரி 20" என்றால், "நிற்கிற நேரம் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். உலகம் முழுக்க நடக்கிற 'பிரெவே' ரைடுகளில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம் அனுமதி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அதற்குள்தான். இந்தியாவில் 'ஆடாக்ஸ் இந்தியா ரேண்டொன்னர்ஸ்' என்ற அமைப்பின் கீழ் இவை நடக்கின்றன. சென்னையில் 'மெட்ராஸ் ரேண்டொன்னர்ஸ்' நடத்துகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆனாலும், அந்த நேரத்துக்குள் முடித்த கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் ஒரே மரியாதைதான். எவ்வளவு வேகம் போதும் என்பது முன்னாடியே எழுதப்பட்டிருப்பதால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை.

'ஆடாக்ஸ்' என்ற பெயரே குரூப் ரைடில் இருந்து வந்ததுதான். 1897-ல் இத்தாலியில் சிலர் ரோமில் இருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரை ஒரே பகலில் ஓட்டினார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ், 1904-ல் இந்த முறையை பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். அந்தப் பாணி ரைடில் ஒரு கேப்டன் இருப்பார். யாரும் அவரை முந்தக் கூடாது. மணிக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர் என்று வேகம் முன்பே முடிவாகியிருக்கும். பந்தயத்தை நடத்தியவரே, எல்லாரும் சேர்ந்து போகிற ரைடுக்கு வேறு விதி வேண்டும் என்று புரிந்துவைத்திருந்தார்.

ஆடிக்காற்று என்ற இன்னொரு ஆள்

கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேகம் பற்றிப் பேசும்போது காற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. காற்றாலைகள் சும்மா ஒன்றும் இங்கே வந்து நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வருகிற காற்று, மரம் குறைவான இந்தக் கரிசல் சமவெளியில் தடையே இல்லாமல் அடிக்கும். 'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்'னு சொல்ற ஊர்ல சைக்கிள் எம்மாத்திரம்?

இளையரசனேந்தலில் இருந்து கிழக்கே கோவில்பட்டிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். "நம்ம இவ்ளோ வேகமா?" என்று நமக்கே சந்தோஷமாக இருக்கும். திரும்பி வரும்போதுதான் உண்மை தெரியும். அதே ஆள், அதே சைக்கிள், அதே ரோடு. வேகம் மட்டும் பாதியாகிவிடும். அதனால் ஆனி, ஆடியில் எடுத்த சராசரியை வைத்து யாரையும் எடை போடக் கூடாது. தன்னையும் போட்டுக்கொள்ளக் கூடாது. முடிந்தால் முதலில் எதிர்காற்றில் போய், சோர்வாகத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குவது புத்திசாலித்தனம்.

குரூப்பின் உண்மையான பலன் தெரிவதும் காற்றில்தான். சமதளத்தில் 20-ல் இருந்து 25-க்கு வேகம் கூட்டினால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். ஆனால் ஒருவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டுகிறவருக்கு அந்தச் சுமையில் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும். அதாவது, பலமான ஆள் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டினால், தனியாக 17-ல் திணறுகிறவர் அவருக்குப் பின்னால் 20-ல் வர முடியும்.

"எங்களால மெதுவா ஓட்ட முடியாது, பயிற்சி கெட்டுப்போகும்" என்று வேகக்காரர்கள் சொல்வதுண்டு. காற்று அடிக்கிற நாளில் இரண்டு புதியவர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் ஓட்டிப் பார்க்கட்டும். அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. ஒன்று மட்டும் கவனம்: ஒட்டி ஓட்டுவது பழகியவர்களுக்குத்தான். புதியவர் முதலில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுப் பழக வேண்டும்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. போன வாரம் கடைசியாக வந்தவரின் சராசரி எவ்வளவு? முதலில் வந்தவரின் வேகம் யாருக்கும் உதவாது. கடைசி ஆளின் வேகம்தான் அந்த குரூப்பின் உண்மையான வேகம்.

2. பின்தங்கினால் காத்திருப்பீர்களா? "மாட்டோம்" என்பதும் நேர்மையான பதில்தான். அது பயிற்சி ரைடு, அவ்வளவுதான்.

3. எங்கெங்கே நிற்பீர்கள்? இடத்தின் பெயரோடு பதில் வந்தால் திட்டம் இருக்கிறது. "பார்த்துக்கலாம்" என்றால் இல்லை.

4. கடைசியில் யார் வருவார்? அனுபவம் உள்ள ஒருவர் பம்பு, மாற்று டியூபோடு எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும்.

5. எத்தனை மணிக்கு வெளிச்சம் வரும், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்? இருட்டில் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். ஆளில்லாத ரோட்டில் இருட்டில் பின்தங்குவது எல்லாருக்கும் ஆபத்து, பெண்களுக்கு இன்னும் அதிகம். பெண்கள் ஒரு குரூப்புக்கு இரண்டாவது முறை வருகிறார்களா என்பதே அந்த குரூப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

குரூப்பை எங்கே தேடுவது என்றால், முதல் இடம் கியர் சைக்கிள் விற்கிற, பழுதுபார்க்கிற கடை. எந்த குரூப் எப்படி ஓட்டும், யார் காத்திருப்பார், யார் காத்திருக்க மாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

சின்ன ஊருக்குப் பொறுப்பு அதிகம்

சென்னையில் 'வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்' மாதிரி ஏரியாவாரியாகக் கிளைகள் வைத்திருக்கிற அமைப்புகள் உண்டு. ஒரு குரூப் ஒத்துவரவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொன்று. இளையரசனேந்தல் மாதிரி ஊரில் அப்படி இல்லை. பழைய முகவரியில் சங்கரன்கோவில் தாலுகா, இப்போது கோவில்பட்டி தாலுகா. எந்தப் பக்கம் போனாலும், டவுனில் ஒரு குரூப் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த ஒன்றில் பின்தங்கிவிட்டால், அந்த ஆளுக்கு குரூப் ரைடு என்பதே முடிந்துபோகிறது. அதனால்தான் வேகத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டிய கடமை பெரிய நகரத்தைவிடச் சின்ன ஊர் குரூப்புக்கு அதிகம்.

வேறு வேறு வேகம் உள்ளவர்கள் ஒரே குரூப்பில் இருந்தே ஆகணும் என்றால், அதற்கும் ஒரு சுலபமான வழி உண்டு. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்ய வேண்டும். ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே ரோட்டில் கிளம்புங்கள். 6.45 ஆனதும், எங்கே இருந்தாலும் அவரவர் அங்கேயே திரும்ப வேண்டும். வேகக்காரர் 18 கிலோமீட்டர் போயிருப்பார், மெதுவானவர் 11 போயிருப்பார். கிளம்பிய இடத்துக்கு இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், டீ மட்டும் சேர்ந்து குடிக்கலாம். மெதுவானவர்கள் இரண்டிரண்டு பேராகப் போனால் போதும்.

அந்த ஒரு குரூப்பும் இல்லையா? இரண்டு பேர் சேர்ந்தாலே குரூப்தான். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாக்கெட்டில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டால் வழிச் சாப்பாடு முடிந்தது. மலையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் இருக்கிற கழுகுமலை, கி.ராஜநாராயணனின் இடைசெவல், பாரதி பிறந்த எட்டயபுரம் என்று இந்த வட்டாரத்தில் சைக்கிளில் போய்ப் பார்க்க இடங்களுக்குப் பஞ்சம் இல்லை. மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதில் தொடங்கலாம். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுத்த சைக்கிள் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் அதுவும் வரும்.

இந்த மாநிலத்துக்குச் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவது புதுசு இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். அவர்களில் யாரும் சராசரி வேகம் பார்த்து ஓட்டவில்லை. தண்ணீர்க் குடத்தோடும், பின்னால் பிள்ளையோடும் அவரவர் வேகத்தில் ஓட்டினார்கள். கூட ஓட்ட ஆள் இருந்ததுதான் ரோட்டுக்கு வருகிற தைரியத்தைக் கொடுத்தது.

அடுத்த சனிக்கிழமை ரைடு மெசேஜ் போடுகிற அட்மின்கள் ஒரு வரி மட்டும் சேர்த்தால் போதும்: "சராசரி 18. ஐந்து கி.மீ.க்கு ஒருமுறை நிற்போம். கடைசியில் ஒருவர் வருவார்." 25-ல் போகிறவர் அதைப் பார்த்து வேறு ரைடு தேடிக்கொள்வார். இளையரசனேந்தலில் இருந்து ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறவர், அடுத்த வாரமும் கிளம்புவார்.