குளவிக் கூட்டின் கீழ் ஓர் 'ஆளற்ற' பாதை

பத்திரிகை ஆசிரியபீடங்களில் சில செய்திகளை எழுதுவதற்கு மூளை தேவைப்படுவதில்லை. விரல்களே எழுதி முடித்துவிடும். மலையகத்தில் இருந்து வருகின்ற குளவிச் செய்தி அத்தகையது. தோட்டத்தின் பெயர், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வேளையில் மரத்தில் இருந்த கூடு கலைந்தமை, இத்தனை பேர் வைத்தியசாலையில் அனுமதி, இத்தனை பேர் சிகிச்சையின் பின் வெளியேறினர். சில வேளைகளில் இறுதியில் ஒரு மரணம். மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் இப்படிப்பட்ட செய்திகளை எத்தனை தடவைகள் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. தோட்டத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் பழைய செய்தியே புதிய செய்தியாகிவிடும். அதற்கு ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஆறு அல்லது ஏழு வரிகள் போதும்.

சில மாதங்களுக்கு முன்னர், அப்படியொரு செய்தி வெளியான அதே ஞாயிறு இதழின் இணைப்பில் மலையகத்தின் நடைபாதைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியானது. மனிதக் காலடி அதிகம் படாத பாதைகள், இன்னும் கண்டுபிடிக்கப்படாத அழகு, அட்டைகளையும் பூச்சிகளையும் வென்று முன்னேறும் சாகசம் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. வண்ணப் படத்தில் ஒரு தேயிலை மலை. அதிலே ஆட்கள் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். எனவே இங்கு நான் எழுதப்போகும் குற்றச்சாட்டில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த எனது சகோதரியின் மகன் அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, "மாமா, நாங்களும் ஒருக்கா நடந்து பாப்பமே?" என்று கேட்டான். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களுடன் நானும் சம்மதித்தேன். கொழும்பில் இருந்து புகையிரதத்தில் ஹப்புத்தளைக்குச் சென்றோம்.

மருமகனின் ஆயத்தங்களைக் குறைசொல்வதற்கில்லை. முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை, 30 சதவீதம் 'டீட்' கலந்த பூச்சி விரட்டி, உண்ணியைப் பிடுங்குவதற்கு ஒரு சிறு இடுக்கி, கைத்தொலைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கம் செய்த வரைபடம் என்று சகலதும் அவனிடம் இருந்தன. மலையில் நடப்பதற்கு எண்ணியிருக்கும் வாசகர்களுக்கு இவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள். அட்டை பூச்சியினம் அல்ல, மண்புழுவின் உறவினம். நமது மூச்சையும் உடற்சூட்டையும் காலடியின் அதிர்வையும் உணர்ந்து புல்நுனியில் இருந்து ஏறிக்கொள்ளும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அது கடிவாயில் செலுத்துவதால், விழுந்த பின்னரும் நீண்ட நேரம் இரத்தம் கசியும். பயப்பட வேண்டியதில்லை. தீக்குச்சியால் சுடுவதும் ஒட்டியிருக்கும் போதே உப்பைத் தூவுவதும் தவறு. அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைப் பக்கமாக நகத்தைச் செருகி நெம்பிவிட்டு, சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும்.

கவனம் தேவைப்படுவது உண்ணிக்கும் புற்களில் வாழும் சிறு சிலந்திப் பேன்களுக்குமே. அவற்றால் பரவும் டைபஸ் காய்ச்சல்கள் இந்த நாட்டில் உண்டு. நடந்துவிட்டு வந்து இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ, தோலில் கருகிய சிறு புண்ணோ தோன்றினால் காட்டிலும் புல்லிலும் நடந்த கதையை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். உரிய மருந்தை உரிய நேரத்தில் எடுத்தால் இலகுவில் குணமாகும் நோய் அது. மலேரியாவைப் பொறுத்தவரை, 2016 இலேயே உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அந்நோயற்ற நாடாக அறிவித்துவிட்டது.

குளவியும் மலைத்தேனீயும் வேறு விவகாரம். மருமகனின் விரட்டிக்கு அவை பணிவதில்லை. மலையகத்தில் 'குளவி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடப்படுபவற்றுள் உண்மையில் இரண்டு வகையுண்டு. ஒன்று, செடியிலும் மரத்திலும் காகிதம் போன்ற கூடு கட்டும் குளவி. சிங்களத்தில் தெபரா என்பார்கள். மற்றையது, உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் திறந்த ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீ, சிங்களத்தில் பம்பரா. இந்தத் தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதில் இருந்து எழும் வாடை ஏனைய தேனீக்களை அதே ஆளிடம் அழைத்துவரும். ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தால் ஒரு கொட்டே உயிரைப் பறிக்கும். ஒவ்வாமை இல்லாதவரும் நூற்றுக்கணக்கில் கொட்டப்பட்டால் சிறுநீரகம் செயலிழந்து இறக்கக்கூடும். கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, மூடிய அறையோ வாகனமோ கிடைக்கும் வரை ஓடவேண்டும் என்பதே அறிவுரை. அந்த அறிவுரை யாருக்காக எழுதப்பட்டது என்பது அன்று முற்பகல் வரை எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் நடந்த பின்னர் பனிப்புகார் இறங்கியது. தோட்டங்களில் பாதைக்குப் பஞ்சமில்லை; பாதைகள் அதிகமாக இருப்பதே தொல்லை. லொறிப் பாதை, அதிலிருந்து பிரியும் நடைபாதை, செடிகளுக்கு நடுவே ஏறும் குறுக்குப் பாதை, மழைநீர் ஓடும் கான் ஆகியவை எல்லாமே புகாரில் ஒரே மாதிரித் தெரியும். தொலைபேசி ஒரு கோட்டைக் காட்டியது, நிலமோ மூன்றைக் காட்டியது. இப்படியான வேளையில் நீரோடையைப் பின்பற்றிக் கீழே இறங்குவது ஆபத்து, ஏனென்றால் மலையகத்து ஓடைகள் பல அருவியாக விழுபவை. கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி வருவதும், ஆட்களைக் கண்டால் கேட்பதுமே புத்தி. நாங்கள் திரும்பி வந்தோம். அங்கு ஒரு வாச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பக்கம் போகாதீங்க. மேல டர்பன்டைன் மரத்துல கூடு இருக்கு. டூரிஸ்ட் ஆளுங்க வந்தா கீழ் ரோட்டால சுத்தி அனுப்பச் சொல்லியிருக்காங்க" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு அவர் காட்டிய திசையில் அண்ணாந்து பார்த்தேன். புகார் சற்று விலகிய இடைவெளியில் கறுத்த நிலவைப் போல ஓர் அடை தொங்கியது. பக்கத்துக் கிளையில் இன்னொன்று. அதற்குக் கீழே, அதே மலையில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிரையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர்.

"அப்ப அவங்க?" என்று மருமகன் கேட்டான்.

வாச்சர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாதவர் போல எங்களைப் பார்த்தார். "அவங்க வேலைக்கு வந்தவங்க தம்பி" என்றார்.

அவரில் எனக்குக் கோபமில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை அவர் செய்தார். கூடு இருப்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அது ஆபத்து என்பதும் தெரியும். ஆட்களை வேறு வழியால் அனுப்புவதற்கு ஓர் ஏற்பாடும் இருக்கிறது. அந்த ஏற்பாடு அனுமதிச் சீட்டுடனும் முதுகுப் பையுடனும் வருபவர்களுக்கு மாத்திரம் உரியது. 'அனர்த்தம்', 'துரதிர்ஷ்டம்' என்று நாம் எழுதிவரும் சொற்களுக்குள் மறைந்திருப்பது இதுதான்.

பிற்பகலில் லயத்துக்கு அருகே உள்ள சிறு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த போது, நிறுவை முடிந்து வந்த அந்தப் பெண்களில் வயதில் மூத்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பயமில்லையா என்று கேட்டேன். "கூட்டுக்குக் கீழ நாங்க பேச மாட்டோம் ஐயா. சத்தம் போடாம பறிச்சிட்டு அடுத்த நெரைக்குப் போயிருவோம்" என்றார். வேறு மலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமே என்றதற்கு, கேட்டதாகவும், அந்த மலையில் கொழுந்து முற்றிவிடும் என்று பதில் வந்ததாகவும் கூறினார். வேண்டாம் என்று இறங்கிவிட்டால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரு நாட் சம்பளம் பாதியாகிவிடும். மருமகனின் அட்டைக் காலுறையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். அவருடைய காலில் சவர்க்காரமும் உப்பும் கலந்து பூசிய வெள்ளைத் தடம் இருந்தது.

இப்போது அந்த அறிவுரையை மீண்டும் வாசித்துப் பாருங்கள். மூடிய அறை கிடைக்கும் வரை ஓடவேண்டும். இடுப்பளவு உயரத்தில் நெருங்கிய செடிகள், செங்குத்தான சரிவு, ஈரக் கால், தலையில் இருந்து தொங்கும் கூடை, இடுப்பில் இறுக்கிய படங்கு. எங்கே ஓடுவது? பருந்து ஒன்று அடையைத் தாக்கினாலோ பலத்த காற்றில் கிளை முறிந்தாலோ அந்தப் பெண்கள் எவ்வளவு மெளனமாக இருந்தும் பயனில்லை.

தேனீக்களை அழிக்க முடியாது, அவை இயற்கையின் அங்கம் என்று தோட்ட நிர்வாகங்களின் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. அவற்றை அழிக்கும்படி யார் கேட்டது? இந்தத் தேனீக்கள் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகின்றவை. கூடு கட்டியிருக்கும் மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, அவை இருக்கும் வரை அந்தத் துண்டு நிலத்தில் கொழுந்து பறிப்பதை நிறுத்தி வைக்க முடியாதா? நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று நிறுத்துக் கணக்கெழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு மரத்தை அண்ணாந்து பார்த்துக் கணக்கெழுதத் தெரியாதா? தோட்டத்து மருந்தகத்தில் அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்த ஒருவரும் வேலை நேரத்தில் இருக்க வேண்டும் என்பது பேராசையா? 1990 அம்புலன்ஸ் சேவை நல்லதுதான். ஆனால் தீவிர ஒவ்வாமை சில நிமிடங்களில் மூச்சை அடைத்துவிடும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் அம்புலன்ஸ் ஏறி வருவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. வேலையின் நிமித்தம், வேலை நேரத்தில் நேரும் விபத்துக்கு நட்டஈடு வழங்குவதற்கான கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டில் இருந்து இந்த நாட்டில் உண்டு. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியது. எஜமானர்கள் மாறினார்கள், சட்டம் ஏட்டில் இருந்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு கிடைத்ததா என்று தொடர்ந்து சென்று விசாரித்து எழுதிய ஒரு செய்தியாவது என் மேசைக்கு வந்ததாக ஞாபகமில்லை. வராததற்கு நாங்கள் கேட்காததே காரணம்.

நான் நடைபயணிகளுக்கு எதிரானவன் அல்ல. ஹந்தானையில் இருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் 'பீக்கோ ட்ரெயில்' வந்த பின்னர் சில இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் சில வீடுகளுக்கு விருந்தினரும் கிடைத்திருப்பது உண்மை. தேயிலைத் தோட்டத்து வேலைப் பாதைகளில்தான் அது செல்கிறது என்பதை அதனை வகுத்தவர்கள் மறைக்கவுமில்லை. மறைப்பவர்கள் எங்களைப் போன்ற எழுத்துக்காரர்களே. 'காலடி படாத பாதை' என்று கூச்சமின்றி எழுதுகிறோம். காலடி படாமல் பாதை எப்படி வந்தது? கோப்பிக் காலத்தில் தமிழகத்தில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் 1914 இல்தான் வந்தன. அதற்கு முந்திய பல தசாப்தங்களில் நுளம்புக்கும் வாந்திபேதிக்கும் பலியாகி அந்த வழியோரத்திலேயே புதைந்தவர்கள் ஏராளம். எஞ்சியவர்கள் வந்து வெட்டிய பாதைகளில்தான் இன்று நாம் பொழுதுபோக்காக நடக்கிறோம். 2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை இரு வாரங்களாக நடந்தார்களே, அந்த நடைக்கு எமது இதழ்கள் ஒதுக்கிய இடத்தையும் சுற்றுலாப் பக்கங்களுக்கு ஒதுக்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

வெளிநாடுகளில் இருந்து வரும் நம்மவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். வாருங்கள், நடவுங்கள். கூடு இருக்கிறது என்று உங்களை யாராவது சுற்றி அனுப்பினால், கீழே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். படம் எடுங்கள். தோட்டத்தின் பெயருடனும் திகதியுடனும் எங்களுக்கு அனுப்புங்கள்.

கொழும்புக்குத் திரும்பிச் சில வாரங்களில் மீண்டும் ஒரு குளவிச் செய்தி வந்தது. வேறு தோட்டம், ஆறு பெண்கள், எவருக்கும் உயிராபத்தில்லை. வழக்கம் போல ஐந்தாம் பக்கத்துக்கு அனுப்பப் போன விரலை நிறுத்தி, பிராந்திய நிருபரைத் தொலைபேசியில் அழைத்தேன். கூடு எத்தனை நாளாக அங்கே இருந்தது, யாரிடமாவது முறையிட்டார்களா என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "அதெல்லாம் யாரும் கேக்கிறதில்லையே சேர்" என்றார். பிறகு விசாரித்துவிட்டு அழைத்தார். ஒன்றரை மாதமாக இருந்திருக்கிறது. இரண்டு தடவைகள் முறையிட்டிருக்கிறார்கள். மறுநாள் அந்தச் செய்தி பதினைந்து வரிகளில் வெளியானது, ஐந்தாம் பக்கத்திலேதான்.