ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாமா?

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் வணிகர்கள் எளிதில் மறந்துவிட முடியாத நாள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைப் பாழ்படுத்துகிறது என்று தொடரப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் அன்றுதான் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரூ.10,000 அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாதவை மூடப்பட வேண்டும் என்ற கட்டளை. தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த தொழிலும், அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களும் கலங்கி நின்ற காலம் அது.

தீர்ப்பை எழுதியவர்கள் நீதிபதிகள். அதற்கு ஆதாரமாக இருந்த கணக்குகளை எழுதியவர்கள் யார்? ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று கண்டறிந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். சுத்திகரிப்பு ஏற்பாடுகளை ஆய்வு செய்து நீதிமன்றத்திற்கு அறிக்கை கொடுத்தது நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம். மண்ணையும் நீரையும் அளந்து பார்த்த விஞ்ஞானிகள் எழுதியதே, முடிவில் நமது தொழிலின் தலைவிதியைத் தீர்மானித்தது.

இதற்காக அவர்கள் மீது கோபப்படுவதில் நியாயமில்லை. மாசைக் கட்டுப்படுத்துங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக வலியுறுத்தி வந்ததைத் தீர்ப்பே சொல்கிறது. வந்த கடிதத்தை 'நோட்டீஸ்' என்று எண்ணி வக்கீலைத் தேடி ஓடியவர்கள் உண்டு. அதற்குள் இருந்த அறிவியலை விளக்கிச் சொல்ல ஒரு வேதியியல் படித்தவரைத் தேடியவர்கள் எத்தனை பேர்?

இங்கேதான் நமது இளைஞர்களின் சிந்தனைக்கு ஒன்றை வைக்க விரும்புகிறோம். வீட்டில் ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், இல்லையென்றால் இன்ஜினியர், அதுவும் இல்லையென்றால் பாஸ்போர்ட்! நம் கணக்கு இவ்வளவுதான். விலங்கியலோ, வேதியியலோ, நிலவியலோ படித்தவர் ஒருநாள் அரசின் கொள்கையை வகுக்கும் நாற்காலியில் அமர முடியும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அமர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, கடல்வாழ் உயிரினங்களை ஆராயத் தொடங்கியவர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1981 டிசம்பரில் 21 பேர் கொண்ட இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்டு, 1982 ஜனவரியில் அந்தப் பனிக்கண்டத்தில் இறங்கினார். அவரது பணி அத்துடன் முடியவில்லை. மத்திய அரசின் கடல்வள மேம்பாட்டுத் துறைச் செயலாளர், ஜாமியா மில்லியாவின் துணைவேந்தர், 1991 முதல் 1996 வரை திட்டக்குழு உறுப்பினர் என்று உயர்ந்தார். மீனைப் பற்றி ஆராய்ந்தவர் நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுக்கும் இடத்திற்கு வந்தார் என்றால் அது சாதாரணமா?

இராமேஸ்வரத்து அப்துல் கலாமை அறியாதவர் இல்லை. ராக்கெட்டையும் ஏவுகணையையும் பேசுகிறோம். 1992இல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும், 1999இல் மத்திய அரசின் முதலாவது முதன்மை அறிவியல் ஆலோசகராகவும் அவர் ஆற்றிய பணியைப் பேசுவதில்லை. 2002இல் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அவர் சென்ற பாதை ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, கோப்புகளின் வழியாகச் சென்ற பாதையாகும்.

அமெரிக்காவில் 1973 முதல் விஞ்ஞானிகளை உதவித்தொகை கொடுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு அனுப்பி வருகிறார்கள். சட்டம் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் அறிவியல் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். நம் நாட்டிலும் வாசல்கள் உண்டு. இந்திய வனப்பணித் தேர்வுக்கு அறிவியல் பட்டம் தகுதி. நிலவியலும் வேதியியலும் படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு. வேளாண் விஞ்ஞானிகளுக்கு வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு. உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று துறைகள் பல. கடையில் விற்கும் மிளகாய்த்தூளில் எது கலக்கலாம், எது கூடாது என்பது முதல், கிணற்று நீரின் உப்பு எவ்வளவு இருக்கலாம் என்பது வரை இங்கேதான் முடிவாகிறது.

பாதை எளிதல்ல. எம்.எஸ்ஸி., அதற்குமேல் ஆராய்ச்சி என்று ஆறேழு ஆண்டுகள் வருமானமில்லாமல் கழியும். வேலைக்குப் போனபின் இடமாற்றம் வரும். நல்ல அறிக்கை எழுதினாலும் அது அலமாரியில் தூங்கக்கூடும். வளைகுடாச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் மனம் சோரும். ஆகவேதான் வணிகப் பெருமக்களை வேண்டுகிறோம். இன்ஜினியரிங் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவுகிற கை, ஆராய்ச்சி மாணவனுக்கும் நீளட்டும். ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு ஒரு பிள்ளை, ஆணோ பெண்ணோ, இந்தப் பாதையில் செல்லத் துணை நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நமக்குச் சலுகை காட்டுவதற்காக நம் பிள்ளை அந்த நாற்காலிக்குப் போக வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். அளவை மாற்றி எழுதுகிற விஞ்ஞானி நாட்டுக்கும் ஆகமாட்டார், நமக்கும் ஆகமாட்டார். தண்ணீர் கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்றே அவர் எழுத வேண்டும். பாலாற்றங்கரைக் கிணற்றில் குடித்தவர்களும் நம் மக்கள்தானே! அதே சமயம், சிறு தொழிற்சாலையால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. பொது நிலையம் வேண்டும், கடன் வேண்டும், அவகாசம் வேண்டும் என்பதையும் கோப்பில் எழுத அவருக்குத் தெரிந்திருக்கும்.

உண்மையை உரிய காலத்தில், இரு பக்கத்தாருக்கும் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். அடுத்த தீர்ப்பு வந்தபின் வருந்துவதைவிட, அதற்கு முன்பே அந்த ஆளை உருவாக்குவது அறிவுடைமை. இளைஞர்களே, அந்த நாற்காலி காத்திருக்கிறது. புறப்படுங்கள்!